பல நாடு சுற்றியவர் தமிழ் படித்த கதை



சென்ற மாதம் ஒரு நாள் மாலை, மலாக்கா சென்ட்ரல் பஸ் நிலையத்தில் ஜாசின் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். கையில் இரண்டு பிளாஸ்டிக் பை. கூடவே பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை. பிள்ளை என் கையிலிருந்த பத்திரிகையை எட்டிப் பார்த்தாள். "படிக்கத் தெரியுமா, அம்மா?" என்று கேட்டு அவளிடம் நீட்டினேன். நல்ல பிள்ளை! ஒரு பக்கத்தைத் தட்டுத் தடங்கல் இல்லாமல் படித்துவிட்டாள்.

பேச்சுக் கொடுத்ததில் விவரம் தெரிந்தது. தாயார் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். கணவர் லோரி ஓட்டுகிறார். பிள்ளை தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு. நான் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்று தெரிந்ததும் அந்தத் தாயார் மனத்திலிருந்ததைக் கேட்டுவிட்டார்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. இவ அடுத்து பாரம் ஒண்ணு போறா. அங்க தமிழ் வகுப்பு பள்ளி முடிஞ்ச பிறகுதானாம். அதுக்கு உக்காந்தா பள்ளி பஸ்ஸு போயிடும். வேற வண்டி வச்சா மாசம் காசு. மலாயும் இங்கிலீசும் நல்லா வந்தாப் போதும், தமிழ வச்சு என்ன கிடைக்கப் போகுதுன்னு அவங்க அப்பா சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் வாய் திறக்குமுன் பஸ் வந்துவிட்டது. கூட்டத்தில் அவர் முன்னால், நான் பின்னால். பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. "தமிழ் நம் உயிர், தமிழ் நம் மூச்சு" என்று மேடையில் சொல்லிவிடலாம். மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் தாயிடம் அப்படிச் சொன்னால் அது பதிலாகுமா?

ஆகவே இந்த மாதம் அந்தத் தங்கைக்காக ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். அவர் பாதி உலகத்தைச் சுற்றியவர். பல மொழிகள் கற்றவர். நம் நாட்டிலும் எட்டு ஆண்டுகள் இருந்து பேராசிரியராகப் பணிபுரிந்தவர். அவர்தாம் தனிநாயகம் அடிகளார்.

யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் ஊர்காவற்றுறைக்கு அருகே கரம்பொன் என்றொரு சிற்றூர். அங்கே 1913-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் சேவியர் ஸ்தனிஸ்லாஸ். தனிநாயகம் என்பது முன்னோர் ஒருவரின் பெயர். பின்னாளில் அதையே தம் பெயராக்கிக் கொண்டார். யாழ்ப்பாணத்தில் சம்பத்திரிசியார் கல்லூரி, கொழும்பில் குருமடம், பிறகு 1934 முதல் 1939 வரை ரோமாபுரியில் மேற்படிப்பு. 1938-இல் அங்கேயே கத்தோலிக்கக் குருவானார்.

ஆங்கிலம், இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துக்கீசியம், ஜெர்மன் என்று ஒன்றன்பின் ஒன்றாக மொழிகள் அவருக்கு வசப்பட்டன. ஆனால் தமிழ்? வீட்டில் பேசும் தமிழ் உண்டு. இலக்கியத் தமிழில் ஆழ்ந்த படிப்பு இல்லை. வெள்ளைக்காரர் காலத்து ஆங்கிலப் படிப்பு அப்படித்தான் பிள்ளைகளை வளர்த்தது.

படிப்பு முடிந்ததும் தமிழ்நாட்டுக்கு வந்தார். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊரில் ஒரு பள்ளியில் பணி. தம்மைச் சுற்றியிருந்தவர்கள் குறளும் சிலம்பும் பேசும்போது தாம் அந்நியனைப் போல நிற்கிறோமே என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ரோமாபுரியில் பட்டம் பெற்றவர், பள்ளியில் பொறுப்பான பதவியில் இருப்பவர், முப்பது வயதை ஒட்டிய பருவத்தில் ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் மாணவராக உட்கார்ந்தார்! ஓரிரு மாதம் அல்ல, சில ஆண்டுகள் முறையாகப் பாடம் கேட்டார்.

அதோடு நிற்கவில்லை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அதன் பின் சங்கப் பாடல்களில் இயற்கை எப்படிப் பாடப்பட்டிருக்கிறது என்பதை ஆராய்ந்து எம்.லிட். பட்டமும் பெற்றார். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு மன உணர்வைக் கொடுத்த நம் முன்னோரின் கற்பனை அவரை ஆட்கொண்டது. அந்த ஆராய்ச்சிதான் பின்னாளில் ஆங்கிலத்தில் நூலாக வந்து, வெளிநாட்டு அறிஞர்களுக்குச் சங்க இலக்கியத்தை அறிமுகப்படுத்தியது.

இவ்வளவு காலம் கழித்துக் கண்டெடுத்த செல்வத்தைத் தாம் மட்டும் வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. 1949 முதல் பயணம் தொடங்கியது. ஜப்பான், வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஐரோப்பா என்று நாடு நாடாகச் சென்று தமிழைப் பற்றிப் பேசினார். விமானப் பயணம் இன்று போல மலிந்திராத காலம் அது. சமஸ்கிருதம்தான் இந்தியாவின் இலக்கியம் என்று எண்ணியிருந்த பல அறிஞர்கள், இரண்டாயிரம் ஆண்டு பழைமையுள்ள தமிழ்ப் பாடல்களைப் பற்றி அவர் வாயிலாகக் கேட்டார்கள்.

அவர் எழுத்தும் ஒரே வகை எழுத்து அல்ல. நம்மைப் போன்றவர்களுக்காகத் தமிழில் எழுதியவை உண்டு. 'தமிழ்த்தூது' என்பது கட்டுரை நூல். 'ஒன்றே உலகம்' என்பது பயண நூல். தாம் கண்ட நாடுகளையும் மக்களையும் பற்றி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல எழுதியிருப்பார். அறிஞர்களுக்காக 1952-இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கில முத்திங்கள் ஏட்டைத் தொடங்கினார். 1966 வரை அது வெளிவந்தது. பழந்தமிழர் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து லண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தமிழ் ஆராய்ச்சிக்கு உதவும் நூல்களையெல்லாம் தேடித் தொகுத்து ஒரு பட்டியல் நூலே போட்டார். அது 1966-இல் நம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வெளியீடாக வந்தது. இலக்கிய ஆராய்ச்சி, பயணக் கட்டுரை, கல்வி வரலாறு, அச்சு வரலாறு, பத்திரிகை என்று எத்தனையோ துறைகள். பயணம் போகிற இடத்தில் மற்றவர்கள் கடைத்தெருவைத் தேடுவார்கள். இவர் நூல் நிலையத்தைத் தேடினார்!

இங்கேதான் கதை நம் மலாக்காப் பக்கம் திரும்புகிறது.

மலாக்கா பட்டணத்து மக்களுக்கு செயின்ட் பால் குன்றைத் தெரியாமல் இராது. பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும் இடம். மேலே கூரையில்லாத பழைய மாதா கோயில். அதன் முன்னே வலக்கை இழந்த ஒரு சிலை. அந்தச் சிலை புனித பிரான்சிஸ் சவேரியாருடையது. 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்த பிறகு, 1545-இல் இங்கே வந்தவர் அவர். வருவதற்கு முன் எங்கே இருந்தார் தெரியுமா? தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையில், தமிழ் மீனவர்களிடையே! 1552-இல் சீனக் கரையோரத்தில் இறந்தார். மறு ஆண்டு அவர் உடலை மலாக்காவுக்குக் கொண்டு வந்து, கோவாவுக்கு எடுத்துச் செல்லும் வரை சில மாதங்கள் அந்தக் குன்றில்தான் அடக்கம் செய்திருந்தார்கள்.

லிஸ்பன், கோவா, தமிழ்க் கடற்கரை, மலாக்கா என்று போர்த்துக்கீசியக் கப்பல் ஓடிய அந்த வழியில்தான் தமிழ் முதன்முதலில் அச்சேறியது. 1554-இல் லிஸ்பன் நகரில் ஒரு சிறு ஞானோபதேச நூல் வெளிவந்தது. சொல் தமிழ்; எழுத்து மட்டும் ரோமன் எழுத்து. அதை உருவாக்கியதில் மூன்று தமிழர்களுக்குப் பங்கு உண்டு. 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. பதினாறே பக்கம்தான். இந்தியாவில் இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. 1586-இல் 'அடியார் வரலாறு'. 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் பாதிரியார் புரோயென்சா தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி. பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள்!

நம்மவர் கையில் இந்த நூல்கள் இல்லை. கடல் கடந்து போய் ஐரோப்பிய நூல் நிலையங்களில் உறங்கிக் கொண்டிருந்தன. தனிநாயகம் அடிகளார் லிஸ்பனிலும் வத்திக்கானிலும் பாரிசிலும் ஏறி இறங்கி, ஏடு ஏடாகத் தேடி, அவற்றைப் பற்றி எழுதித் தமிழுலகத்துக்கு அறிவித்தார். 'அடியார் வரலாறு' வத்திக்கான் நூல் நிலையத்தில் இருப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தவர் அவரே. புரோயென்சாவின் அகராதியை 1966-இல் அப்படியே படியெடுத்து வெளியிட்டார். எங்கே வெளியிட்டார்? கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறையின் வழியாக. கேரளத்தில் அச்சாகி ரோமாபுரியில் தங்கிவிட்ட ஒரு தமிழ்ச் சொற்களஞ்சியம், முந்நூறு ஆண்டு ஆகும் வேளையில் நம் நாட்டில் மறுபிறவி எடுத்தது.

1961-இல் அவர் நம் நாட்டுக்கு வந்து அந்தத் துறையின் தலைமையை ஏற்றார். 1964 ஜனவரியில் புது டில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியபோது, மற்ற அறிஞர்களுடன் சேர்ந்து உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தை நிறுவினார். அந்த மன்றத்தின் முதல் மாநாடு எந்த நாட்டில் நடந்தது? தமிழ்நாட்டில் அல்ல. 1966 ஏப்ரலில் நம் கோலாலம்பூரில்! துங்கு அப்துல் ரஹ்மான் திறந்து வைத்தார். இருபது நாடுகளுக்கு மேலிருந்து அறிஞர்கள் வந்தார்கள். சென்னை மாநாடு 1968-இல், பாரிஸ் மாநாடு 1970-இல். வழி காட்டியது நாம் வாழும் மண்.

அடிகளாரின் பயணங்களில் நம் உள்ளத்தைத் தொடும் பகுதி ஒன்று உண்டு. நூல்களை மட்டும் அவர் தேடவில்லை. கப்பலேறிப் போன தமிழ் மக்களையும் தேடினார்.

சயாம் என்றால் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு மரண ரயில்தான் நினைவுக்கு வரும். ஜப்பான்காரன் காலத்தில் இங்கிருந்து போய்த் திரும்பாதவர்கள் எத்தனை பேர்! அதே சயாமின் அரண்மனைச் சடங்கில் நம் திருவெம்பாவை நூற்றாண்டுக் கணக்காக ஓதப்பட்டு வந்தது. ஓதியவர்களுக்கே பொருள் தெரியாது. ஒலி மட்டும் மிஞ்சியிருந்தது. தென்கிழக்கு ஆசியாவில் தமிழ் விட்டுச் சென்ற இத்தகைய சுவடுகளை அவர் எடுத்து எழுதினார்.

அதைவிடத் தொலைவில், கரிபியன் கடலில் மார்த்தினிக், குவாதலூப் என்று இரண்டு பிரெஞ்சுத் தீவுகள். 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு நம்மவர்களைக் கப்பலேற்றினார்கள். நம் தாத்தா பாட்டிகள் பால் மரக் காட்டுக்கு வந்த அதே கதை, கடல்தான் வேறு. அடிகளார் அந்தக் குடியேற்றத்தை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அங்கே மாரியம்மன் வழிபாடு இருந்தது. பூசையில் சில தமிழ்ச் சொற்கள் இருந்தன. பேச்சில் தமிழ் இல்லை. சில தலைமுறைகளில் மொழி போய்விட்டது.

யாரைக் குறை சொல்வது? தமிழ் எழுத்துச் சொல்லித் தரப் பள்ளி இல்லை. ஊரிலிருந்து வரும் கப்பலும் நின்றுவிட்டது. அம்மன் நின்றாள், மொழி நிற்கவில்லை.

இதைப் பார்க்கக் கரிபியன் கடல் வரை போக வேண்டியதில்லை. மலாக்கா காஜா பெராங்கில் நம் செட்டி சமூகத்தார் வாழ்கிறார்கள். போர்த்துக்கீசியருக்கும் முன்னே இங்கே வந்து வணிகம் செய்த தமிழரின் வழித்தோன்றல்கள். மலாக்கா நகரில் அவர்கள் 1781-இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் ஆலயம் இன்றும் இருக்கிறது. போகிக்கு முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பதை அவர்கள் விட்டதில்லை. எத்தனை நூற்றாண்டுப் பற்று! அவர்களை நாம் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் அவர்கள் வீட்டுப் பேச்சு இன்று மலாய். தமிழ்ப் பள்ளி இல்லாத காலத்தில் இங்கே வேரூன்றியவர்களுக்கு வேறு வழி இருந்திருக்காது. நமக்கோ ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இந்த நாட்டில் இருக்கின்றன. அந்த வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்காதது, நமக்குக் கிடைத்திருப்பது.

1969-இல் அடிகளார் நம் நாட்டை விட்டுப் புறப்பட்டார். 1974 ஜனவரியில் அவர் பிறந்த யாழ்ப்பாணத்தில் நான்காவது மாநாடு நடந்தது. அதன் நிறைவு நாளில் போலீஸ் நடவடிக்கையால் உயிர்கள் பலியான துயரம் நேர்ந்தது. மொழியைப் பற்றிப் பேச அமைதியாகக் கூடியிருந்த மக்கள்! அந்த வடு இன்றும் ஆறவில்லை. 1980 செப்டம்பர் 1-ஆம் நாள், தமது அறுபத்தேழாவது வயதில் அடிகளார் யாழ்ப்பாணத்தில் காலமானார். மறு ஆண்டு மதுரையில் ஐந்தாவது மாநாடு கூடியபோது அவர் இல்லை.

இனி, அந்தத் தங்கையின் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன் என் வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் தகப்பனார் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவர் இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டி என்னிடம் வந்தது. அதில் ஊரிலிருந்து பாட்டி சொல்ல யாரோ எழுதிக் கொடுத்த கடிதங்கள், தோட்டத்துத் தேவார வகுப்பு நோட்டு, மூத்த பிள்ளை பிறந்த நேரத்தைக் குறித்த துண்டுத் தாள் எல்லாம் உண்டு. போன தீபாவளிக்கு என் மகன் அந்தப் பெட்டியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என்னிடம் நீட்டி, "அப்பா, தாத்தாவுக்கு என்ன எழுதியிருக்காங்க, நீங்க படிச்சுச் சொல்லுங்க" என்றான். அவன் நல்ல வேலையில் இருக்கிறான். மூன்று மொழி பேசுகிறான். அவனுக்குப் பள்ளி பஸ் போய்விடும் என்று தமிழ் வகுப்பை நிறுத்தியவன் நான்தான். வத்திக்கானில் கிடந்த தமிழ் ஏட்டைத் தேடிப் படிக்க யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் போனார். என் வீட்டுப் பெட்டியிலிருக்கும் கடிதத்தை, நான் போன பிறகு யார் படிப்பார்கள்?

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் தவறில்லை. மலாயும் ஆங்கிலமும் பிள்ளைக்குக் கட்டாயம் வேண்டும். அவற்றில் பின்தங்கினால் பிழைப்புக்கே ஆபத்து. தமிழ் படித்தால் நாளைக்கே பெரிய உத்தியோகம் கிடைத்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ் மற்ற மொழிகளுக்கு இடைஞ்சல் என்று மட்டும் எண்ணாதீர்கள். ஏழெட்டு மொழி கற்ற ஒருவருக்கு இடமில்லாமல் போகவில்லை. உங்கள் பிள்ளைக்கு மூன்றுக்கு இடமிருக்கும்.

பஸ் காசுக்கு வழி பார்ப்போம். உங்கள் தோட்டத்திலிருந்தும் பக்கத்துத் தாமானிலிருந்தும் அதே இடைநிலைப் பள்ளிக்குப் போகிற தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். நாலு வீடு சேர்ந்து ஒரு வேன் பேசினால், தனித்தனியே ஆகும் செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும். பெற்றோர்கள் கூட்டமாகப் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். தனியாகப் போனால் கேட்காத காதும் பத்துப் பேர் போனால் கேட்கும். வகுப்பே வைக்க முடியாத பள்ளியாக இருந்தால், கோயில் மண்டபத்திலோ ஒருவர் வீட்டு அஞ்சடியிலோ வாரத்தில் ஒரு மாலை போதும். எஸ்.பி.எம். தேர்வில் தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம் என்பதைப் பிள்ளையிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

ஒன்றும் முடியாவிட்டாலும் ஒரு காரியம் செய்யுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நேரம் உங்கள் மகள் ஒரு பக்கம் தமிழ் வாய்விட்டுப் படிக்கட்டும். நீங்களும் அவள் அப்பாவும் கேளுங்கள். உங்கள் மாமியாருக்கோ அம்மாவுக்கோ தெரிந்த பழைய சங்கதியை அவள் கையால் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். எந்தக் கப்பலில் வந்தோம், எந்த ஊர், எந்தத் தோட்டத்தில் முதலில் இறங்கினோம் என்ற விவரம் வேறு எந்த நூல் நிலையத்திலும் கிடைக்காது.

வயது தாண்டிய அண்ணன் அக்காமார்களுக்கும் ஒரு சொல். அடிகளார் பண்டிதரிடம் பாடம் கேட்கத் தொடங்கியது முப்பது வயதை ஒட்டி. நான் என் மகனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் தாத்தாவின் கடிதங்களில் ஒன்றை இருவரும் சேர்ந்து படிக்கிறோம். போன வாரம் "நலம், நலமறிய ஆவல்" என்ற முதல் வரியை அவனாகவே எழுத்துக் கூட்டிப் படித்தான்.

அந்தத் தங்கை இதைப் படித்தால் எனக்கு ஒரு வரி எழுதட்டும். எழுதுவது மகளாக இருந்தால் இன்னும் மகிழ்வேன்.